உதிரிச் சோறும் கடாயின் சூடும்: ஒரு சைனீஸ் கடையை எடைபோடும் விதம்

பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் என வடசென்னை முழுக்க மாலையில் அடுப்பு மூட்டும் சைனீஸ் கடைகளில் எது தரமானது என்று அறிய, கோபி மஞ்சூரியனைவிட முட்டை பிரைடு ரைஸையே நம்பலாம் என்பது என் உறுதியான கருத்து. மஞ்சூரியனில் சோயா சாஸும் பூண்டும் மிளகாயும் சமையலின் குறைகளை எளிதில் மூடிவிடும்; பிரைடு ரைஸில் சோறு, முட்டை, எண்ணெய், நெருப்பு ஆகிய நான்கும் அநேகமாக வெளிப்படையாகவே இருக்கின்றன.

முதலில் சோறு. அரிசி வேகும்போது அதன் மாவுச்சத்து நீரை உறிஞ்சி, உப்பி, குழைகிறது. ஆறும்போது அமைலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் மீண்டும் ஒன்றையொன்று நெருங்கிப் பிணைவதால் பருக்கை இறுகுகிறது. மேற்பரப்பின் ஈரமும் உலர்ந்துவிடுகிறது. அமைலோஸ் கூடுதலாக உள்ள பாஸ்மதி அரிசி உதிரியாக நிற்பதற்கும், வடித்த சூட்டோடு கடாயில் போட்ட சோறு திரண்டு ஒட்டிக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது நெருப்பு, உண்மையான வித்தை இங்கேதான் இருக்கிறது. நல்ல பிரைடு ரைஸில் வரும் வறுபட்ட மணத்துக்குப் பெரிதும் காரணமான மெயிலார்டு வினை, அதாவது புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் கூடிப் புதிய மணப்பொருள்களை உண்டாக்கும் வினை, ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் விரைவாக நடக்கும். கடாயில் ஈரம் தேங்கியிருக்கும் வரை உணவின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல், கொதித்த நீரை ஆவியாக்க மட்டுமே செலவாகிறது. ஆகவே கூட்டம் நெருக்கும் நேரத்தில் ஏழெட்டு பிளேட்டை ஒரே கடாயில் கொட்டிக் கிளறும் கடையில், அதே மாஸ்டர் செய்தாலும், சோறு வறுபடாமல் ஆவியில் வெந்துதான் வரும். இரண்டிரண்டு பிளேட்டாகச் செய்யும் கடையில் காத்திருப்பது வீண்போகாது.

கடாயைச் சுண்டித் தூக்கிப் போடுவதும் வெறும் வித்தை காட்டல் அன்று. கைதேர்ந்த சமையல்காரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை சோற்றை எழும்பவைப்பதைக் காட்டியது. காற்றில் எழும் கணத்தில் பருக்கை சற்றே குளிர்வதால், கடும் சூட்டிலும் கருகாமல் வறுபடுகிறது.

அஜினோமோட்டோவைக் கண்டு அஞ்சுவோர் பலர். 1908இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகெதா கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த, அஜினோமோட்டோவுக்குச் சுவை தரும் பொருளான குளுட்டமேட் தக்காளியிலும் இயல்பாகவே இருக்கிறது. உணவில் சேர்க்கும் வழக்கமான அளவில் பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. அதைவிட, பலமுறை காய்ந்து கறுத்து, நுரை அடங்காமல் பொங்கும் எண்ணெயைப் பார்த்துத்தான் தயங்க வேண்டும். திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் சமைப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளே தடுக்கின்றன.

ஆனால் நாவால் கண்டுபிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் விதைத்துகள்கள், அரிசி கொதிக்கும்போதும் சாகாமல் தப்பிவிடும். 5 முதல் 60 டிகிரிக்குள் சோறு பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். நம் ஊரின் கோடை இரவுப் புழுக்கம் அதற்கு ஏற்றது. அப்போது உண்டாகக்கூடிய, வாந்தியைத் தூண்டும் செரியுலைடு நச்சு, கடாயின் சூட்டிலும் அழியாது. வறுக்க மிகப் பொருத்தமான பழைய சோறே, குளிரூட்டாமல் வைத்திருந்தால் மிக ஆபத்தான சோறும் ஆகிறது. உதிரியாகவும் மணமாகவும் இருப்பது கைத்திறனுக்குச் சான்றே தவிர, பாதுகாப்புக்குச் சான்று அன்று. "அண்ணே, சோறு எப்ப வடிச்சது, எதுல வெச்சிருந்தீங்க?" என்று கேட்கலாம்: அகலத் தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்து, உடனே பிரிட்ஜில் வைத்த சோறு என்றால் நம்பி வாங்கலாம், மதியம் வடித்து அன்னக்கூடையில் குவித்தபடியே இரவுவரை மூடிவைத்த சோறு என்றால், மணம் எவ்வளவு இழுத்தாலும் வேண்டாம்.