“திருடனுக்கு எதுக்கு வக்காலத்து?”

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் இலவசச் சட்ட ஆலோசனைக்கு உட்காருவேன். அண்மையில் ஓர் அம்மா வந்தார். கையில் மகனின் ஆஸ்துமா பம்பு. முந்தின இரவு அவனைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. பிடித்த நேரத்தைக் கரண்ட் பில்லின் பின்னால் குறித்து வைத்திருந்தார்: 9.40.

“எப்ப விடுவாங்க, வக்கீலம்மா?”

48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு. அந்தக் கெடு ஞாயிறு இரவு முடிகிறது. அன்று கோர்ட் இல்லை. ஆக, திங்கள் கோர்ட் கலைவதற்குள் கொண்டுவந்தாக வேண்டும். காவலில் இருப்பவருக்கு மருத்துவ வசதி தருவதும் அரசின் கடமை. பம்பை உடனே ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன்.

பின்னால் நின்ற பெரியவருக்குப் பொறுக்கவில்லை. “திருடனுக்கு எதுக்கும்மா வக்காலத்து? இந்த உரிமைச் சங்கங்களுக்கு வேற வேலையே இல்லையா?”

அவர் கடையில் இரண்டு முறை கொள்ளை போயிருக்கிறது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1995இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையை நீக்கியது; அதற்காக வாதாடியவர்கள் மீதான ஏச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் அடித்து வாங்கிய வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது, ஐயா. உங்கள் கடையில் கை வைத்தவனே அதனால் தப்பிவிடுவான்.

2007இல் தீர்ப்பான ஒரு வழக்கை நாம் மறக்கவில்லை: இதே டர்பனில் ஒரு தமிழ் மாணவி மூக்குத்தி அணிவதைப் பள்ளி தடுத்தது. மதம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், அவள் விரும்பி ஏற்ற வழக்கத்துக்குப் பள்ளி விலக்கு தந்திருக்க வேண்டும் என்றது அரசியலமைப்பு நீதிமன்றம். அந்த வழக்கில் ஒரு தமிழ் வேத சங்கமும் கருத்துச் சுதந்திர அமைப்பு ஒன்றும் சேர்ந்து கொண்டன. அன்று கைதட்டினோம். அவளைக் காத்த அதே அரசியலமைப்புதான் இந்த அம்மாவின் மகனையும் காக்கிறது.

எனக்கு நியாயமாகப் படும் குறை வேறு. பெரிய அமைப்புகள் சட்டத்தையே மாற்றக்கூடிய வழக்கைத் தேடுகின்றன. சாதாரண ஜாமீனுக்கு வருபவர் திரும்பிப் போகிறார். பணம் எங்கிருந்து வருகிறது என்று மக்கள் கேட்டால், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வீட்டில் யாரையாவது பிடித்துப் போனால், எந்த ஸ்டேஷன், எத்தனை மணி, என்ன குற்றச்சாட்டு என்று உடனே எழுதுங்கள். பேசாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. வக்கீல் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வசதியில்லை என்றால் லீகல் எய்டு (இலவசச் சட்ட உதவி) வக்கீலைக் கேளுங்கள்.