முதல் மாதத்தில் பத்து வேண்டாம்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஜூலை 28 அன்று மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி) வெண்கலம் வாங்கியதிலிருந்து, பிள்ளைகளை என்னிடம் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குக் கூட்டிவரும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்போதே இரண்டு கேள்விகள் வந்துவிடும். "எந்த பிஸ்டல் வாங்கணும் மேடம்?" "பத்து எப்போ அடிப்பான்?" பத்து என்றால் டார்கெட்டின் நட்டநடு வளையம். இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: இப்போதைக்கு வேண்டாம் சார்.

என் ஆரம்ப வகுப்பில் முதல் நாள் யாருக்கும் ரவை, அதாவது குண்டு, கிடையாது. "ஏர் பிஸ்டல்தானே" என்று சிலர் சிரிப்பார்கள். 4.5 மி.மீ. ஈய ரவை வினாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது. பட்டால் கண் போய்விடும். ரேஞ்சில் நான் அதிகம் பதறுவது பிள்ளைகள் சந்தேகம் கேட்கும்போதுதான். "மேடம்..." என்று தலையைத் திருப்புவார்கள். தலையோடு தோள் திரும்பும், தோளோடு கை, கையோடு குழல். அதனால் எங்கள் ரேஞ்சில், பிஸ்டலை மேசையில் வைத்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். மேசையில் இருக்கும்போதும் குழல் டார்கெட் பக்கமே பார்க்க வேண்டும். சுடாத நேரத்தில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு குழலின் முழு நீளத்துக்கும் உள்ளே போயிருக்க வேண்டும். சைட் (குழலின் மேல் குறி பார்க்க இருக்கும் அமைப்பு) டார்கெட்டுக்கு வரும்வரை விரல் விசைக்கு (டிரிக்கர்) வெளியே இருக்க வேண்டும். காலி பிஸ்டலுக்கும் இதே சட்டம்தான். இது பழகவே சில வாரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

அப்புறம் குறி பார்ப்பது. புதிதாக வருகிற எல்லாரும் கறுப்பு வட்டத்தைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள். அடிக்க வேண்டியது அதைத்தானே என்று தோன்றும். ஆனால் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டியது பிஸ்டல் நுனியில் இருக்கும் முன்சைட். வட்டம் மங்கலாக இருந்தால் போதும். நம்பாதவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். முன்சைட்டும், பிஸ்டலின் பின்பக்கம் பள்ளம் வெட்டியிருக்கும் பின்சைட்டும் ஒழுங்காக நேராக இருந்து, கை மொத்தமாக 1 செ.மீ. ஆடினால், ரவையும் 1 செ.மீ.தான் தள்ளிப் போகும். ஒன்பது கிடைக்கும். கை ஆடாமல், பின்சைட்டின் பள்ளத்துக்குள் முன்சைட் மட்டும் 1 மி.மீ. நகர்ந்துவிட்டால்? இரண்டு சைட்டுக்கும் நடுவே 32 செ.மீ. இருக்கிற பிஸ்டலில், 10 மீட்டர் தள்ளி ரவை 3 செ.மீ.க்கு மேல் விலகும். பத்து வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். கிடைப்பது ஏழு. கை ஆடுவதைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் பிள்ளைகள், சைட் நகர்வதைக் கவனிப்பதே இல்லை.

சரி, சைட் ஏன் நகர்கிறது? பெரும்பாலும் விசைவிரல்தான் காரணம். போட்டி விதிப்படி விசையின் பளு 500 கிராமுக்குக் குறையக் கூடாது. அரைக் கிலோ பெரிய பளுவில்லை. ஆனால் சைட் சரியாக வந்த நொடியில் "இதோ, இப்போ!" என்று வெடுக்கென்று இழுத்தால் மணிக்கட்டும் சேர்ந்து இழுபடும். வலது கைக்காரர்களுக்கு ரவைகள் இடப்பக்கம் கீழே போய் விழும். "சைட் தப்பா இருக்கு மேடம், திருகி விடுங்க" என்பார்கள். திருக மாட்டேன். பிஸ்டலை வாங்கி, ரவை போட்டேனா இல்லையா என்று தெரியாதபடி தயார் செய்து திருப்பிக் கொடுப்பேன். ரவை இல்லாத முறை விசை "டிக்" என்று மட்டும் விழும். குழல் தலைகுனிவது அவர்கள் கண்ணுக்கே தெரியும். அடுத்து, "நீ சைட்டை மட்டும் பார்த்துக்கோ, விசையை நான் அழுத்துறேன்" என்று பக்கத்தில் நின்று என் விரலால் மெல்ல அழுத்துவேன். அதே கை, அதே ஆட்டம், ஒன்பதும் பத்துமாக விழும். அதற்குப் பிறகு யாரும் திருகச் சொல்லிக் கேட்பதில்லை.

இதனால்தான் முதல் மாதம் பெரும்பாலும் டிரை ஃபயர். வட்டமே இல்லாத வெள்ளை அட்டையைப் பார்த்து, ரவையில்லாமல் விசையை அழுத்துவது, அழுத்திய பிறகும் இரண்டு வினாடி முன்சைட்டையே பார்த்துக்கொண்டு நிற்பது. பார்க்கிற பெற்றோருக்கு அலுப்பாக இருக்கும். "காசு கொடுத்துச் சேர்த்தது இதுக்கா" என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள்.

பிடித்த குறியை விட்டுக் கையை இறக்குவது இன்னொரு பாடம். உயர்த்தி நிலைக்கு வந்து எட்டுப் பத்து வினாடிக்குள் சுட முடியாவிட்டால் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கண்ணும் கையும் களைத்துவிடும். இறக்கினால் தோற்றதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். போட்டியில் 60 ரவைக்கு 75 நிமிடம் தருகிறார்கள், அவசரமே இல்லை.

பிஸ்டல் வாங்கும் விஷயம். நல்ல போட்டி பிஸ்டல் இலட்சத்தைத் தாண்டும். பிள்ளையின் கையளவும் பிடியும் தெரியும்வரை கிளப் பிஸ்டலே போதும். விலை கொடுத்தால் கவலை விட்டது என்றும் இல்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டலே பழுதாகி, நேரம் போய், 575 புள்ளிகளோடு 12ஆவது இடத்தில் நின்றார். பழைய பிஸ்டல் வாங்குவோர் காற்று சிலிண்டரில் பொறித்த தேதியைக் கட்டாயம் பாருங்கள். ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு. அதற்கு மேற்பட்டதை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்புவது விபரீதம்.

இந்த வகை ஏர் பிஸ்டலுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் தெருவில் பார்ப்பவருக்கு அது நிஜத் துப்பாக்கிதான். பூட்டிய பெட்டியில், அடையாள அட்டையோடு கொண்டுவாருங்கள். பிறந்தநாள் போட்டோவுக்கு வெளியே எடுக்க வேண்டாம்.

கடைசியாக, சாப்பாடு. ரவை ஈயம், வயிற்றுக்குள் போனால் விஷம். லோட் செய்யும் அவசரத்தில் அதை உதட்டில் கவ்விக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. கண்டால் உடனே தடுங்கள். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள்.