ஹெல்த் ஈக்விட்டி: ‘சமபங்கு’ ஏன் பொருந்தாது?

தவிர்க்கக்கூடிய, நியாயமற்ற உடல்நல வேறுபாடுகள் இல்லாத நிலையே ‘ஹெல்த் ஈக்விட்டி’. அதைத் தமிழில் ‘சுகாதார சமத்துவம்’ என்றோ ‘சுகாதார சமபங்கு’ என்றோ எழுதிவிடுகிறோம். இரண்டும் பொருந்தவில்லை. சமபங்கு என்பது பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது.

வேர்ச்சொல் லத்தீன் ‘ஈக்வஸ்’. மட்டமானது, மேடுபள்ளம் இல்லாதது என்று பொருள். ஈக்வாலிட்டி, ஈக்விட்டி இரண்டுக்கும் இதுவே தாய். ஈக்வாலிட்டி அளவில் சமம் என்ற பொருளோடு நின்றது. ஈக்விட்டியை வளர்த்தது இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம். எல்லோருக்கும் பொதுவான சட்டத்தை அப்படியே பொருத்தினால் ஒருவருக்கு அநியாயம் நேருமென்றால், அங்கே அதைத் திருத்துவார்கள். அந்தத் திருத்தம்தான் ஈக்விட்டி. பங்குச் சந்தைப் பொருள் பிற்பாடு கிளைத்தது. ‘பங்கு’ அங்கே மட்டும் சரி.

மருத்துவத் துறையில் இச்சொல்லுக்கு வரையறை தந்தவர் மார்கரெட் வைட்ஹெட். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகத்துக்காக 1990-இல் எழுதினார். ஈக்விட்டி இல்லை என்று சொல்ல, இரு பிரிவினரின் உடல்நிலை வேறுபட்டால் மட்டும் போதாது. அந்த வேறுபாடு தேவையற்றதாகவும் தவிர்க்கக்கூடியதாகவும் நியாயமற்றதாகவும் இருக்க வேண்டும். முதியவருக்கு இளைஞரைவிட நோய் அதிகம் வருவது வெறும் வேறுபாடு. பக்கத்தில் மருத்துவச்சி இல்லாததால் பிரசவ உதிரப்போக்கில் ஒரு தாய் இறப்பது அநீதி.

சமபங்கு எப்படித் தவறான கணக்கைப் போட வைக்கிறது என்பதை ஆள்பற்றாக்குறையில் பார்க்கலாம். தலா ஒரு லட்சம் பேர் வாழும் இரு வட்டாரங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் மருத்துவர், செவிலியர், மருத்துவச்சி சேர்த்து 300 பேர். மற்றதில் 60 பேர். புதிதாக 40 பணியிடங்கள் வருகின்றன. சமமாகப் பிரித்தால் 320, 80. இடைவெளி 240 அப்படியே நிற்கும். நாற்பதையும் இரண்டாவதற்கே கொடுத்தாலும் அங்கே 100 பேர்தான். அதாவது ஆயிரம் பேருக்கு ஒருவர். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அறிக்கை வைத்த கீழ்வரம்பு ஆயிரம் பேருக்கு 2.28. அதற்குக் கீழே கடும் பற்றாக்குறையில் இருந்தவை 57 நாடுகள். உலக நோய்ச்சுமையில் 24 சதவீதத்தைச் சுமந்த ஆப்பிரிக்க வட்டாரத்தில் உலகின் சுகாதாரப் பணியாளர்களில் 3 சதவீதம் பேரே இருந்தார்கள்.

ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் இரண்டு மருத்துவச்சிகள் என்று சமமாக ஒதுக்குவதும் இதே பிழைதான். பிரசவ அறை வாரத்துக்கு 168 மணி நேரம் திறந்திருக்க வேண்டும். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால் 4.2 பேர் தேவை. விடுப்பு, நோய், பயிற்சி சேர்த்தால் ஐந்துக்குக் குறையாது. இருவரை வைத்தால் பல இரவுகள் கதவு பூட்டியிருக்கும், அல்லது அவர்கள் தூங்காமல் வேலை செய்து ஓராண்டில் மாற்றல் கேட்பார்கள். தங்க வீடில்லை, இரவில் பாதுகாப்பில்லை, பிள்ளைக்குப் பள்ளியில்லை என்றால் இன்னும் சீக்கிரம் போய்விடுவார்கள். தொலைதூரப் பணிக்குச் செலவு கூடும் என்பதையும் ஈக்விட்டி கணக்கில் எடுக்கிறது, சமபங்கு எடுப்பதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘நடுவுநிலைமை’ ஒருபக்கம் சாயாமையைத்தான் சொல்லும். ஈக்விட்டியிலோ வசதி இல்லாதவர் பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். ‘நேர்மை’ தனிமனித ஒழுக்கத்தைக் குறிக்கப் பழகிவிட்டது. என் தேர்வு ‘ஒப்புரவு’. திருக்குறளின் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அதன் உவமைகள் நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்தாகிப் பயன்படத் தவறாத மரம். எதிலும் ஆளுக்கு இவ்வளவு என்ற அளவு இல்லை, தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்கிறார். கிறித்தவ வழக்கில் இச்சொல் பகை தீர்ந்து இணைவதைக் குறிக்கும். ஆகவே தனியே விடாமல் ‘நலவாழ்வு ஒப்புரவு’ என்று அடைகொடுத்து எழுதலாம். ‘சுகாதாரம்’ என்றால் பலருக்குத் துப்புரவே நினைவுக்கு வருவதால் ‘நலவாழ்வு’ தெளிவானது. எதிர்ச்சொல் ‘நலவாழ்வு ஒப்புரவின்மை’. வெறும் புள்ளிவிவர வேறுபாட்டுக்கு ‘ஏற்றத்தாழ்வு’ போதும்.