காது கேளாத பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

பேரனைச் சேர்க்க வந்த பாட்டியிடம், "ஆச்சி, இவனுக்கெல்லாம் தனிப் பள்ளிக்கூடம் இருக்கே, அங்கே சேர்த்துவிடுங்களேன்" என்று கனிவாகவே சொல்லி அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு. எவ்வளவு கனிவாகச் சொன்னாலும் சட்டப்படி அது செல்லாது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளை 6 வயது முதல் 18 வயது வரை, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ விரும்பிய இடத்தில் இலவசமாகப் படிக்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடும். இது 18 வரை வரும். சிறப்புப் பள்ளியைக் குறைத்துச் சொல்லவில்லை. சைகை மொழியில் வளரும் பிள்ளைக்கு அங்கே கிடைக்கும் கூட்டாளிகள் பெரிய பலம். அதையும் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும்.

சட்டத்தின் கணக்கில், இரண்டு காதிலும் 70 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) கேட்பிழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளை இந்த வரையறைக்குள் வராது. வகுப்பில் அதுவும் திண்டாடத்தான் செய்யும். சட்டம் அதைக் கண்டுகொள்ளாதது எனக்கு ஒப்பவில்லை.

முதலில் வேண்டியது யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை. இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் காது மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைக்குத் தூங்கவைத்து, சத்தத்துக்கு மூளை நரம்பு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்க்கும் 'பெரா' டெஸ்ட் எடுப்பார்கள். செட்டிநாட்டில் ஒரு சிக்கல்: ஊர்கள் இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர்க்காரர்கள் சிவகங்கை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், கோனாபட்டு, ராயவரத்துக்காரர்கள் புதுக்கோட்டைக்கும் போக வேண்டும். கடைகண்ணிக்கெல்லாம் காரைக்குடிதானே என்று அங்கே போய் நின்றால் அலைச்சல்தான் மிச்சம்.

பிள்ளைக்கு 6 வயது நிரம்பவில்லை, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், உள்காதில் கருவி பொருத்திக் கேட்கவைக்கும் காக்ளியர் அறுவை சிகிச்சை கிடைக்கும். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சேர்த்த பிறகுதான் உண்மையான வேலை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இப்படிப்பட்ட ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று கணக்கிட்டு நிதி ஒதுக்குகிறார்கள். காது மெஷின், சிறப்பாசிரியர், பயிற்சி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பெண் பிள்ளை என்றால் மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு உதவித்தொகை தனி. உங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கு இந்த உதவிகளைக் கவனிக்கும் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பிள்ளையின் பெயர் பதிவாகியிருக்கிறதா, சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள்.

மெஷின் கொடுத்தாயிற்று என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் பொத்தான் பேட்டரி ஒன்றிரண்டு வாரத்தில் தீரும். பிள்ளை வளர வளரக் காதுக்குள் வைக்கும் அச்சும் பொருந்தாமல் போய் 'கீச்' என்று கத்தும்; புது அச்சு எடுக்க வேண்டும். பழைய பெரிய வீட்டில் நடக்கும் பள்ளி என்றால் இன்னொரு தொல்லை: உயரமான கூரையிலும் ஆத்தங்குடிக் கல் தரையிலும் பட்டு எதிரொலிக்கும் இரைச்சலை மெஷின் அப்படியே பெருக்கித் தரும். அதனால் ஆசிரியருக்கு மிகப் பக்கத்தில், அவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி இடம் கேளுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் பிள்ளைக்கு வாயசைவு தெரியாது. பிள்ளைக்குப் பொருந்தும் மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்று 16ஆவது பிரிவே சொல்கிறது; அந்த முறையில் சைகை மொழியும் அடங்கும்.

பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

சேர்க்க மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கும் மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். எங்கே மனு கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.