வீட்டு ஒலிப்பதிவு அறையில் ஒலிபெருக்கி ஏன் இரைகிறது?

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு என வன்னியின் பல ஊர்களில் இன்று வீட்டின் ஓர் அறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடுகிறது. ஒரு மடிக்கணினி, மைக்கின் ஒலியைக் கணினிக்கும் கணினியின் ஒலியை ஒலிபெருக்கிக்கும் கொண்டுசெல்லும் ஓர் ஓடியோ இன்டர்பேஸ், ஒரு மைக், இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தால், கோயிற் பாடலையும் கோவலன் கூத்தின் மத்தள அடியையும் தரமாகப் பதிவு செய்ய முடியும். ஆயினும் பாட்டு நின்ற கணத்தில் ஒலிபெருக்கியிலிருந்து ஓயாத முரல் ஒலி கேட்பதாகப் பலர் முறையிடுகின்றனர். ஒலிபெருக்கி பழுதென்று எண்ணி அதை மாற்றுவோரும் உள்ளனர். பெரும்பாலான வேளைகளில் பழுது ஒலிபெருக்கியில் இல்லை. கருவிகளை இணைக்கும் கம்பிகள் அமைந்துள்ள விதத்தில்தான் உள்ளது.

இரைச்சலின் தன்மையைக் கவனித்தாலே அது வந்த வழி பாதி தெரிந்துவிடும். இலங்கையின் மின்விநியோகம் 230 வோல்ற்று அழுத்தமும் 50 ஹேர்ட்ஸ் மீடிறனும் கொண்டது. எனவே தாழ்ந்த சுருதியில் ‘ம்ம்’ என ஒலிப்பது 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஆகும். மவுஸை அசைக்கும்போது மாறும் கீச்சொலி கணினியின் உள்ளிருந்து யூஎஸ்பி கேபிள் வழியே வருகிறது. கைபேசி இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் இயங்கும்போது தன் அலைகளைத் தொடர்ச்சியாக அன்றி, செக்கனுக்கு ஏறத்தாழ 217 துடிப்புகளாக அனுப்புகிறது. அழைப்பு வருமுன் கேட்கும் ‘டிக் டிக்’ ஒலிக்கு அதுவே காரணம். கைபேசியை மேசையிலிருந்து அகற்றினால் அது தீர்ந்துவிடும்.

மிகவும் தொல்லை தருவது முதலாவது வகை. ஒலிபெருக்கியும் மடிக்கணினியின் சார்ஜரும் தனித்தனி மூன்று முள் பிளக்குகள் மூலம் வீட்டின் புவிக்கம்பியுடன் இணைந்திருக்கின்றன எனக் கொள்வோம். அவற்றுக்கு இடையே செல்லும் ஒலிக் கேபிளின் உலோக உறையும் இரண்டையும் இணைக்கிறது. ஆகவே சுவரிலிருந்து கணினிக்கும், அங்கிருந்து கேபிள் வழியே ஒலிபெருக்கிக்கும், அதிலிருந்து மீண்டும் சுவருக்குமாக ஒரு மூடிய வளையம் உருவாகிறது. மாறுகின்ற காந்தப்புலம் ஒரு வளையத்தினூடாகச் சென்றால் அதில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பதை மைக்கேல் பரடே 1831இல் காட்டினார். வீட்டு வயரிங்கும் நிலைமாற்றிகளும் அத்தகைய புலத்தை இடைவிடாது உண்டாக்குகின்றன; வளையம் அடைக்கும் பரப்பு பெரிதானால் தூண்டலும் பெரிதாகும். இதனுடன், ஒவ்வொரு மின்வழங்கியிலிருந்தும் புவிக்கம்பிக்குள் கசியும் சிறு மின்னோட்டமும் சேர்ந்து, இரு பிளக்குகளின் புவிமுனைகளுக்கு இடையே சிறிய அழுத்த வித்தியாசத்தை ஏற்படுத்துகிறது.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கேபிள் உறையின் தடை அரை ஓம் என்றும், அதில் 2 மில்லி அம்பியர் ஓடுகிறது என்றும் எடுத்துக்கொண்டால், அதன் இரு முனைகளுக்கும் இடையே 1 மில்லி வோல்ற்று தோன்றும். வீட்டுப் பாவனைக் கருவிகளின் வழக்கமான சமிக்ஞை மட்டம் ஏறத்தாழ 316 மில்லி வோல்ற்று. அதாவது இரைச்சல் இசையின் 316இல் ஒரு பங்கு; ஒலி மட்டங்களை ஒப்பிடும் அலகான டெசிபெல்லில் சொன்னால், 50 டெசிபெல் மட்டுமே கீழே உள்ளது. வன்னியின் இரவு அமைதியில் அந்த இடைவெளி போதவே போதாது. வீட்டு ஒலிக் கருவிகளை இணைக்கும் சாதாரண ஆர்சிஏ கேபிளில் ஓர் உட்கம்பியே உண்டு; சமிக்ஞை திரும்பி வரும் பாதையும் அந்த உறையே என்பதால், அந்த ஒரு மில்லி வோல்ற்று நேராக இசையுடன் கலந்துவிடுகிறது.

இதற்கான சிறந்த தீர்வு சமநிலைக் கேபிள் ஆகும். இதில் சமிக்ஞை இரு உட்கம்பிகளில் செல்கிறது. உறை வெறும் காப்பாக மட்டும் நிற்கிறது. பெறும் கருவி இரு கம்பிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை மாத்திரம் எடுத்துக்கொள்வதால், இரண்டிலும் ஒரே அளவாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகிறது. ஒரு கம்பியில் சமிக்ஞை தலைகீழாகச் செல்வதே இதற்குக் காரணம் எனப் பலர் எழுதுகின்றனர்; உண்மையில் இரு கம்பிகளும் இரைச்சலுக்குச் சமமான மின்தடங்கலை (மாறும் மின்னோட்டத்துக்கான எதிர்ப்பை) காட்டுவதே அடிப்படை. அக்கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் இரண்டும் புலத்தைச் சமமாக ஏற்கும். இவ்வுத்தியை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் தொலைபேசிக் கம்பிகளுக்காகக் காப்புரிமை செய்தார். 60 டெசிபெல் கழிப்புத் திறனுடைய கருவியில் மேற்கூறிய 1 மில்லி வோல்ற்று ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கடையில் வாங்கும்போது கால் அங்குல பிளக்கைப் பாருங்கள்: கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அது சமநிலை இணைப்புக்கு உகந்தது, ஒன்று மட்டும் இருந்தால் கித்தாருக்கான சாதாரண கேபிள். கேபிளின் இரு முனையிலுள்ள கருவிகளும் இவ்விணைப்பை ஏற்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. புதிய ஒலிபெருக்கிக்கு முன் இதற்கே பணம் செலவிடுவது நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

சிலர் பிளக்கின் புவிமுள்ளை வெட்டிவிடுகின்றனர். முரல் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் கருவியினுள் உயிர்க்கம்பி உலோக உடலில் தொட்டுவிட்டால், மைக்கைப் பிடித்துப் பாடுபவரின் உடலே நிலத்துக்கான பாதையாகிவிடும். இதை எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. கூடத்துக்கெனத் தனியாக இன்னொரு புவிக்கோல் அடிப்பதும் தவறே. மே முதல் செப்டெம்பர் வரையான வறட்சியில் வன்னி மண் காய்ந்து அதன் தடை உயரும்போது, தனித்தனி இடங்களில் நிற்கும் இரு கோல்கள் ஒரே அழுத்தத்தில் இரா. இரைச்சல் கூடவும் செய்யும். அருகில் மின்னல் விழுந்தால் அக்கோல்களுக்கு இடையே எழும் அழுத்தம் கருவிகளூடாகவே பாயும். ஒரு வீட்டுக்கு ஒரே புவித்தொடுப்பும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும், நல்ல நிலையிலுள்ள ட்ரிப் சுவிட்ச்சும் இருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் மின்கலத்தில் இயங்கிய வானொலிகளில் இந்த முரல் இருக்கவில்லை. சுவரும் புவிக்கம்பியும் இல்லாத இடத்தில் வளையம் உருவாக வழியில்லை. பழுதைக் கண்டுபிடிக்கவும் அதுவே வழி. சார்ஜரைக் கழற்றி மடிக்கணினியை மின்கலத்தில் இயக்குங்கள். முரல் நின்றால் வளையம் சார்ஜர் வழியே செல்கிறது. நிற்காவிட்டால், ஒலிபெருக்கியிலிருந்து ஒலிக் கேபிளையும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் கேட்டால் மட்டுமே ஒலிபெருக்கியைச் சந்தேகிக்கலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் இணைத்தால் புவிமுனைகளுக்கு இடையிலான தூரமும் வளையத்தின் பரப்பும் சுருங்கும். இத்தகைய அறையின் மின்தேவை சில நூறு வாற்றுக்குள் அடங்குவதால், 13 அம்பியர் பிளக் அதை எளிதாகத் தாங்கும். அதன் பின்னரும் முரல் நீடித்தால், கம்பித் தொடர்பின்றிக் காந்தப்புலம் வழியே சமிக்ஞையைக் கடத்தும் தனிமைப்படுத்தும் நிலைமாற்றியை ஒலிக் கேபிளின் இடையே பொருத்தலாம்.

கேபிள்களை ஒழுங்குபடுத்துவதும் இதே பௌதிகத்தைச் சார்ந்தது. மின் வயர்களை மேசையின் ஒரு பக்கமாகவும் ஒலிக் கேபிள்களை மறுபக்கமாகவும் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டும் சந்திக்க நேர்ந்தால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும். அந்நிலையில் தூண்டல் மிகக் குறையும். மைக் கேபிளில் ஓடுவது சில மில்லி வோல்ற்றே என்பதால், அடாப்டர்களை அதன் அருகில் வைக்கக்கூடாது. மிஞ்சிய ஒலிக் கேபிளை எட்டு வடிவில் மடித்து வெல்க்ரோ பட்டியால் கட்டினால், இரு பாதிகளிலும் தூண்டப்படுவது ஒன்றையொன்று ஈடுசெய்யும். கேபிள்களைத் தரையில் விடாது மேசையின் அடிப்பக்கத்தில் பொருத்துவது நல்லது. எலி கடித்த உறை வெளியே தெரியாமலே மாதக்கணக்கில் இரைச்சல் தரும்.

‘ஸ்ஸ்’ என்ற சீரான ஒலி மட்டும் எஞ்சினால், அது ஒலிபெருக்கியின் மின்சுற்றிலேயே பிறப்பது. இன்டர்பேஸின் வெளியீட்டைக் கூட்டி, ஒலிபெருக்கியின் பின்புறக் குமிழைக் குறைத்தால் அது பின்தங்கிவிடும்.

ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் பெயர் எழுதி ஒட்டிவைப்பது அவசியம். ஒக்டோபர், நவம்பரில் இடிமுழக்கம் கேட்கத் தொடங்கும்போது, மின் பிளக்குகளையும் இணைய வயரையும் எதுவெனத் தேடாமல் உடனே கழற்ற அது உதவும்.