இக்னிஷன் டைமிங்: நேரமா, கோணமா?

பழைய ரேஸ் கார் இன்ஜினில் இன்னும் கொஞ்சம் பவர் வேண்டும் என்று போய் நின்றால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பது "டைமிங் எத்தனை டிகிரி வச்சிருக்கீங்க?" என்பதுதான். சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பற்றவைக்கும் தீப்பொறி எப்போது விழுகிறது என்பதுதான் இக்னிஷன் டைமிங். டைமிங் என்கிறோம், அளப்பதோ டிகிரியில். நேரத்தை எதற்குக் கோணத்தில் அளக்க வேண்டும்? இது விளங்கினால்தான் இதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் பிடிபடும்.

முதலில் இக்னிஷன். லத்தீனில் இக்னிஸ் என்றால் நெருப்பு. அதுவும் வடமொழியின் அக்னியும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. நாம் எப்போதோ அக்கினி என்று எடுத்துக்கொண்ட சொல்லின் உறவுக்காரன்தான் கார்ச் சாவியோடு இரண்டாம் முறை தமிழுக்குள் வந்திருக்கிறான். தமிழில் இதற்கு எரியூட்டல், தீமூட்டல், பற்றவைப்பு என்று பல சொற்கள் உண்டு. என் ஓட்டு பற்றவைப்புக்கு. அடுப்பைப் பற்றவைக்கிறோம், விளக்கைப் பற்றவைக்கிறோம். ஒரு முனையில் தொட்டுவிட்டால் மற்றது தானாகப் பரவும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது, சிலிண்டருக்குள் நடப்பதும் அதேதான்.

டைமிங் என்ற பாதி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. டைம்லரின் ஆரம்பகால இன்ஜின்களில் தீப்பொறியே கிடையாது. வெளியே ஒரு பர்னர் சிறு குழாயைப் பழுக்கக் காய்ச்சும், பிஸ்டன் அமுக்கும் கலவை அந்தக் குழாய்க்குள் புகுந்து பற்றிக்கொள்ளும், எந்தக் கணத்தில் பற்ற வேண்டும் என்று ஓட்டுபவர் சொல்ல வழியில்லை. மின்பொறி வந்த பிறகுதான் அந்தக் கணம் மனிதர் கைக்கு வந்தது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் அது நிஜமாகவே கையில்தான் இருந்தது: ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்க நெம்புகோல் பொறிக்கு, வலப்பக்க நெம்புகோல் த்ராட்டிலுக்கு, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்க. இடப்பக்க நெம்புகோலை மேலே தள்ளிப் பொறியைத் தாமதப்படுத்தாமல், முன்னாலிருக்கும் கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கலாம், மணிக்கட்டே முறிந்துவிடலாம்.

சரி, கோணம் எங்கிருந்து வந்தது? பொறி விழுந்தவுடன் கலவை முழுவதும் எரிந்துவிடாது. சுமார் 2 மில்லிசெகண்ட் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1000 சுற்றில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) ஒரு மில்லிசெகண்டில் 6 டிகிரி திரும்பும், 6000 சுற்றில் 36 டிகிரி. பிஸ்டன் உச்சியைத் தாண்டி 15 டிகிரி போல இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் தள்ளு முழுதாகக் கிராங்குக்குப் போகும். அதனால் உச்சிக்கு வருவதற்கு முன்பே பற்றவைக்க வேண்டும், வேகம் ஏற ஏற இன்னும் முன்பே. கணக்குப்படி 6000-இல் 72 டிகிரி ஆகிறது, ஆனால் வேகம் கூடும்போது உள்ளே கலவை சுழன்று கலங்குவதால் தீயும் வேகமாகப் பரவிவிடும், ஆகவே சிலிண்டருக்கு இரண்டு வால்வு கொண்ட பழைய இன்ஜின்களில் மொத்தம் 32 முதல் 36 டிகிரி வரை போதுமாக இருக்கிறது. ஆக இங்கே டைமிங் என்பது கடிகார நேரத்தைச் சொல்லவில்லை, பிஸ்டன் எங்கே இருக்கும்போது பொறி விழுகிறது என்பதைச் சொல்கிறது. 'பற்றவைப்பு நேரம்' என்று எழுதினால் எரிய எவ்வளவு நேரம் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். பற்றவைப்புத் தருணம் என்பதே சரி, எண்ணோடு சொல்லும்போது பற்றவைப்புக் கோணம்.

பொறித் தருணம் என்று சுருக்கலாமே என்றால், வேண்டாம். தமிழில் பொறி தீப்பொறியும் ஆகும், இயந்திரமும் ஆகும் (பொறியியல் அதிலிருந்து வந்ததுதான்), எலிப்பொறியும் ஆகும். இன்ஜின் விஷயத்தில் இதைவிடக் குழப்பமான சொல் கிடைக்காது.

பொறியை முன்கூட்டியே விழ வைப்பது அட்வான்ஸ், தாமதமாக விழ வைப்பது ரிடார்ட். இரண்டுக்கும் அலையவே வேண்டாம். முந்தல், பிந்தல். ரிடார்டின் வேரான லத்தீன் டார்டஸ் என்பதற்கே மெதுவான, தாமதமான என்றுதான் பொருள். வினையாக முந்தவை, பிந்தவை. எதுகையோடு வரும் இந்த இணையை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

கையில் செய்யும்போது எப்படி இருக்கும்? கிராங்க் புல்லியின் கோட்டில் வெள்ளைப் பெயின்ட் தொட்டுவைத்து, ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை மின்னும் டைமிங் லைட்டை அடித்தால், சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தக் கோடு அசையாமல் நிற்பதுபோல் தெரியும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, உள்ளே ரோட்டார் என்ற சுழலும் பாகம் சுற்றும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்பினால் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இங்கே 1 டிகிரி திருப்பினால் கிராங்க் கணக்கில் 2 டிகிரி. அதனால் நகத்தளவு திருப்பினாலே போதும், அவசரப்படக் கூடாது. உள்ளிருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் வேகத்துக்கு ஏற்ற முந்தலைத் தாமே கொடுக்கும், ஆகவே ரேஸ் காருக்கு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) பார்த்த எண்ணை மட்டும் நம்பாமல் சுற்றை உயர்த்தி மொத்த முந்தலையும் பார்த்தே ஆக வேண்டும்.

முந்த முந்தப் பவர் கூடும் என்று நினைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. எந்த மிகக் குறைந்த முந்தலில் முழு முறுக்குவிசை கிடைத்துவிடுகிறதோ, அதோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை அழுத்தம் எதிர்த்துத் தள்ளும், அப்புறம் நாக்கிங், அதாவது மிச்சக் கலவை தானாகவே வெடித்து டக் டக் என்று தட்டுவது, தொடங்கும். ஓட்டி முடித்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகளோ மினுக்கும் துகள்களோ ஒட்டியிருந்தால், அந்த மினுக்கம் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அடுத்த சுற்றுக்கு முன்பே 2 டிகிரியாவது பிந்தவையுங்கள்.