சாக்கெட்டில் உட்கார்ந்தால் மட்டும் போதாது: முதல் கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகம் வாங்குமுன்

புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் "ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரல" என்று சர்வீஸ் மேசைக்கு வரும். கழற்றிப் பார்த்தால் பல நேரம் எந்தப் பாகமும் பழுதாகியிருக்காது. தனித்தனியே எல்லாம் நல்ல பொருள். ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரிகிற பொருத்தமின்மை பெரிய செலவு வைக்காது. டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது, வெட்டு இருக்கும் இடம் வேறு. சாக்கெட் என்பது மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்; ஏஎம்4, ஏஎம்5 இரண்டும் ஏஎம்டி-யின் சாக்கெட்டுகள். ஏஎம்4 பிராசஸருக்கு அடியில் பின் உண்டு. ஏஎம்5 பிராசஸருக்குக் கிடையாது, பின் மதர்போர்டில் இருக்கும். தவறாக வாங்கினால் சீல் உடைக்காமல் கடையில் மாற்றிக்கொள்ளலாம். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டு வேலை செய்யாமல் இருக்கிறதே, அதுதான் காசைத் தின்னும்.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்றும் நடப்பது இது: இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் 6, 7, 8, 9 என்று நான்கு தலைமுறை பிராசஸர்கள் வந்தன. பார்க்க ஒரே சாக்கெட். ஆனால் 6, 7-ஆம் தலைமுறைக்கு 100, 200 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டு சிப்); 8, 9-க்கு 300 வரிசை. 100 வரிசையின் எச்110 போர்டில் 8-ஆம் தலைமுறை ஐ5-8400-ஐ வைத்தால் அழகாக உட்காரும், ஆனால் ஓடாது. சாக்கெட் பெயரை மட்டும் ஒப்பிட்டு வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 6, 7-ஆம் தலைமுறை பிராசஸர்கள் ஒன்றிரண்டு தவிர விண்டோஸ் 11-இன் பட்டியலிலும் இல்லை. மலிவாகக் கிடைத்தாலும் கேமிங்குக்கு வாங்காதீர்கள்.

புதுப் பொருளில் இதே சிக்கல் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) வடிவில் வரும். ஏஎம்4-க்கான பி450 போர்டு 2018-இல் வந்தது, அதில் போடும் ஏஎம்டி-யின் ரைசன் 5 5600 பிராசஸர் வந்தது 2022-இல். ஏஎம்5-க்கான பி650 போர்டுகள் 2022-இல் வந்தன, ரைசன் 9000 வரிசை 2024-இல். போர்டு முதலில், பிராசஸர் பின்னால். கடை அலமாரியில் நெடுநாள் இருந்த போர்டில் பழைய பயாஸ்தான் இருக்கும். புது பிராசஸரை அதற்குத் தெரியாது. விலை கேட்கும்போதே மூன்று விஷயம் பாருங்கள். தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் அந்த போர்டுக்கான பிராசஸர் பட்டியலில் உங்கள் மாடலுக்கு நேரே எந்த பயாஸ் பதிப்பு எழுதியிருக்கிறது என்பது முதலாவது. அட்டைப்பெட்டியில் "ரைசன் 9000 ரெடி" போன்ற ஸ்டிக்கர் உண்டா என்பது இரண்டாவது. பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா என்பது மூன்றாவது.

பொத்தான் இருந்தால் பிராசஸரே இல்லாமல்கூட பயாஸை மாற்றிவிடலாம். பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, இறக்கிய ஃபைலுக்கு மேனுவல் சொல்லும் பெயரை வைத்து, குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருக வேண்டும். 24 பின், 8 பின் மின்கேபிள்களைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுக்கும். சில நிமிடம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து, சில போர்டுகளில் அதற்கும் வழியில்லாமல் போகும். ஆகவே யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். பொத்தான் இல்லாத போர்டு என்றால் "அப்டேட் செய்து கொடுங்கள்" என்று கடையிலேயே கேட்டு வாங்குவதுதான் வழி.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் அதிக வோல்டேஜால் நாளடைவில் நிலைகுலையும் கோளாறு வந்தது. 2024-இல் இன்டெல் மைக்ரோகோடு (பிராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டியது. திருத்தம் போர்டின் பயாஸ் வழியாகத்தான் வரும். இந்தத் தலைமுறை ஐ7, ஐ9 வாங்குவோர் கேம் இறக்கும் முன் பயாஸை இறக்குங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. பழைய பிராசஸர் வாங்கும்போது இதை மறக்க வேண்டாம்.

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் படியுங்கள். ஐ5-12400எஃப், ரைசன் 5 7500எஃப் போன்றவற்றில் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் மானிட்டரைச் செருகினால் கறுப்புத் திரைதான். ரைசன் 5 5600-க்கு எஃப் இல்லாவிட்டாலும் கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5 7600-இல் சின்ன கிராபிக்ஸ் ஒன்று உண்டு. கேம் ஆடத் தேறாது, ஆனால் கிராபிக்ஸ் கார்டு ஆர்எம்ஏ-வுக்கு (வாரன்டியில் திருப்பி அனுப்புவது) போய்விட்டால் கம்ப்யூட்டர் முடங்காது, எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிக்கவும் உதவும். விலை வித்தியாசம் குறைவு என்றால் எஃப் இல்லாததையே எடுங்கள் என்போம்.

குறைந்த பட்ஜெட்டில் அடிக்கடி நடக்கும் தவறான ஜோடி, ரைசன் 5 5600ஜி பிராசஸரும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டும். அந்த கார்டுக்கு 4 பிசிஐஇ லேன்தான் (கார்டுக்கும் பிராசஸருக்கும் இடையே தரவு போகும் பாதை), அதுவும் பிசிஐஇ 4.0 வேகத்தை நம்பி வடிவமைத்தது. 5600ஜி-யோ 3.0 வரைதான் போகும். பாதை பாதியாகிவிடும். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பும் கேம்களில் திக்கித் திக்கி ஓடும். எரர் எதுவும் வராது, அதனால் கார்டு மட்டம் என்று நினைத்துவிடுவோம்.

ரேமில் ஒரே பெட்டியில் வரும் இரண்டு ஸ்டிக் கிட் வாங்குங்கள், 16+16 ஜிபி. ஏஎம்5-க்கு 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு, குறைந்தால் நல்லது) என்பது நல்ல இடம். "இப்போது இரண்டு, அப்புறம் இரண்டு" என்ற கணக்கு டிடிஆர்5-இல் உதவாது: ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. நான்கு துளை போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது துளையில் செருக வேண்டும். பிறகு ரேமைப் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் நீங்களே ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 6000-க்குக் காசு கொடுத்துவிட்டுப் பெரும்பாலும் 4800-இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஏஎம்5 போர்டு முதல்முறை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். பதறிப்போய் ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

எஸ்எஸ்டி பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. எம்.2 வடிவில் (போர்டில் நேரே செருகும் சின்ன அட்டை) மெதுவான சாட்டா, வேகமான என்விஎம்இ இரண்டும் வரும். போர்டின் துளை எதை ஏற்கும் என்று மேனுவலில் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 ஒன்றைச் செருகினால் சாட்டா துளைகள் இரண்டு செயலிழக்கும். ஹீட்சிங்க்குக்குக் கீழே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உரித்த பிறகு மூடுங்கள்.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை. மற்ற பாகங்கள் பொருந்தாவிட்டால் ஓடாது, இது பொருந்தாவிட்டால் மற்றதையும் எரிக்கும். ரைசன் 5 7600 உச்சத்தில் 88 வாட், ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட், மற்றவை எல்லாம் சேர்த்து 50, 60 வாட். மொத்தம் 300-ஐத் தொடும். என்விடியா இந்த கார்டுக்குச் சொல்வது 550 வாட் சப்ளை. பிராண்டு தெரியாத, கேபினெட்டோடு இலவசமாக வரும் "500 வாட்" பெட்டியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரச் சிக்கனத்தைத்தான் சொல்கிறது. பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தை அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

கேபிளில் இரண்டு 8 பின் உண்டு. பிராசஸருக்கானது 4+4 ஆகப் பிரியும், கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். இரண்டிலும் மின்முனை வரிசை வேறு. செருகியின் வடிவம் தடுக்கும்போது அழுத்தித் திணித்தால் ஷார்ட் ஆகும். அதைவிட மோசமானது, மாடுலர் (கேபிளைத் தனியே கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை வேறு சப்ளையில் போடுவது. பாகத்துக்குப் போகும் முனைக்குத் தரநிலை உண்டு, சப்ளை பக்க முனைக்கு இல்லை. ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களிலேயே மாறலாம். பழைய சாட்டா கேபிள் புது சப்ளையில் கச்சிதமாகச் செருகும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து ஹார்டு டிஸ்க்கைச் சுட்டுவிடும். படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். சப்ளையை மாற்றினால் கேபிள் முழுவதையும் மாற்றுங்கள். பெரிய கார்டுகளின் 16 பின் செருகியை இடைவெளி தெரியாதபடி கடைசிவரை அழுத்துங்கள். அரைகுறையாகச் செருகியவை உருகியிருக்கின்றன.

கேபினெட்டுக்கு மூன்று அளவு: கிராபிக்ஸ் கார்டு நீளம், கூலர் உயரம், போர்டு அளவு. மூன்று ஃபேன் கார்டு 300 மிமீ-ஐத் தாண்டலாம். முன்பக்கம் லிக்விட் கூலரின் ரேடியேட்டர் வைத்தால் ஃபேனோடு சேர்த்து 52 மிமீ போய்விடும். டவர் கூலர் பொதுவாக 155, 160 மிமீ. ஒல்லிக் கேபினெட்டில் கண்ணாடி மூடாது. ஏஎம்4 கூலர் பெரும்பாலும் ஏஎம்5-க்கும் ஆகும், ஆனால் தனக்கென்று பின்தகடு கேட்கும் கூலர் ஆகாது, ஏஎம்5-இல் பின்தகடு கழற்றக்கூடியதல்ல. இன்டெலின் எல்ஜிஏ 1200 சாக்கெட் கூலருக்கு எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் தனி பிராக்கெட் வேண்டும். போர்டை இறக்குமுன் கேபினெட்டிலுள்ள பித்தளைத் தாங்கிகளை எண்ணுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒன்று மிச்சமிருந்தால் அடியில் ஷார்ட் அடிக்கும்.

யுபிஎஸ்ஸைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. 600 விஏ என்று எழுதியது தருவது சுமார் 360 வாட். மேலே சொன்ன கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து கேமில் அந்த எல்லையைத் தொடும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் கைவிடும். 1000 விஏ-க்கு மேல் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அதன் ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கட்டும். பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பது எர்த் இல்லாததன் அடையாளம்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். மதர்போர்டைக் கடையிலேயே திறந்து சாக்கெட் பின்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின் வளைந்தது வாரன்டியில் சேராது. பிராசஸர் வைத்ததும் தானே கழன்று விழும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை எறியாமல் பெட்டியில் போட்டு வையுங்கள், அது இல்லாமல் போர்டை ஆர்எம்ஏ-வுக்கு வாங்க மறுப்பார்கள்.